அப்பாவின் அம்பாசிடருக்குப் பிஸ்டன் தேர்ந்தெடுத்த கதை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். போன ஆண்டு சித்திரையில் பதினொன்றாவது வளைவில் எங்கள் அம்பாசிடர் நின்றுவிட்டது. முதல் கியரில்கூட இழுக்கவில்லை. பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் ஹாரனில் கைவைக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் எனக்கு வலித்தது. அப்பா 1972-இல் வாங்கிய மார்க் 2 அது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனதும், அப்பாவைக் கடைசியாக மருத்துவமனைக்கு அழைத்துப்போனதும் அதில்தான்.

கீழே இறங்கியதும் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை வைத்துப் பார்த்தார். சதுர அங்குலத்துக்கு 118, 112, 74, 109 பவுண்டு. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றியதும் 74 என்பது நூறைத் தொட்டது. வால்வில் கசிந்திருந்தால் எண்ணெய் விட்டும் எண் ஏறியிருக்காது. தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரும்தான். “போரிங் போட வேண்டியதுதான், தம்பி” என்றார். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் அது.

பிரித்துப் பார்த்தால் ஏற்கெனவே ‘இருபது’ ஓவர்சைஸ் போட்டிருந்தது. பட்டறைப் பேச்சில் இருபது என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. தேய்மானம் முப்பதைத் தாண்டியிருந்ததால் நாற்பதுக்குப் போக வேண்டியதாயிற்று. அதுதான் இந்த எஞ்சினுக்குக் கடைசி அளவு. அதற்குமேல் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை இறக்க வேண்டும். ஆகவே இந்த முறை தவறவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின். விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., மொத்தம் 1489 சிசி. இதே எஞ்சின் இங்கிலாந்தில் 7.2, 8.3 என்று இரண்டு அமுக்க விகிதங்களில் வந்தது. கம்ப்ரெஷன் ரேஷியோ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்: பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்தக் கொள்ளளவை, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். நம் ஊருக்கு வந்தது 7.2. அப்பா கார் வாங்கிய காலத்தில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு, 83 அளவில் இருந்தது. அதற்கு அந்தக் குறைந்த விகிதம்தான் பொருத்தம். இப்போது பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலுக்குக் குறைந்தபட்சமே 91. போதாததற்கு எத்தனால் வேறு கலக்கிறார்கள். அதுவும் நாக்கிங்கை, அதாவது அப்படித் தானாக வெடித்துத் தட்டுவதைத் தாங்கும். அப்படியிருக்க, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பெட்ரோலுக்காக வைத்த விகிதத்தையே மறுபடி ஏன் வைக்க வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

விகிதத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பிஸ்டனின் தலை. குறைந்த விகிதத்துக்கான பிஸ்டனின் தலை ஆழமான கிண்ணம் போலக் குழிந்திருக்கும். கூடுதல் விகிதத்துக்கானதில் குழியின் ஆழம் குறைவாக இருக்கும். வெளிவிட்டம் இரண்டுக்கும் ஒன்றே. பெட்டியில் எழுதியிருப்பது விட்டத்தின் அளவை மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் நான் சிக்கப் பார்த்தேன். பழைய இருப்பு என்று ஒரு கடையில் ‘நாற்பது’ அளவு பிஸ்டன் செட் ஒன்று கிடைத்தது. நான்கும் பெட்டி பிரிக்காதவை. வாங்கி வந்த இரவே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அளந்தேன். மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்ச், நடுவில் சிறு துளையிட்ட ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தகடு, கொஞ்சம் கிரீஸ், சிவப்பு எண்ணெய் ஒரு சொட்டு கலந்த மண்ணெண்ணெய். பிஸ்டன் தலையின் விளிம்பில் கிரீஸைத் தடவித் தகட்டை அமுக்கி, துளை வழியாக மண்ணெண்ணெய்யை இறக்கினேன். சிவப்பு மெல்ல ஏறும். கடைசியில் ஒரு காற்றுக்குமிழி தகட்டுக்கடியில் அலைந்துகொண்டிருக்கும். பிஸ்டனைச் சற்றுச் சாய்த்தால் குமிழி துளைக்கு வந்து மறையும். அப்போது சிரிஞ்சைப் படிக்க வேண்டும். முதல் பிஸ்டன் 14 சிசி. இரண்டாவது 14. மூன்றாவது 6. கை நடுங்கியிருக்குமோ என்று மறுபடி அளந்தேன். 6-தான். நான்காவதும் 6.

பெட்டியை மட்டும் நம்பிப் பூட்டியிருந்தால் ஒரே எஞ்சினில் இரண்டு சிலிண்டர் ஒரு விகிதத்திலும் இரண்டு வேறொன்றிலும் ஓடியிருக்கும். எவ்வளவு டியூன் செய்தாலும் அது நிதானமாக நின்றிருக்காது. ஏன் என்று யாருக்கும் புரிந்திருக்காது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் மற்றவற்றையும் அளந்தோம். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் ஓர் எரியறை 38 சிசி. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருந்த பழைய கேஸ்கட்டின் அமுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்துக் கணக்கிட்டால் 3.5. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக்கின் மேல்மட்டத்துக்கு 0.9 மி.மீ. கீழே நின்றது, நாற்பது அளவில் அது 3.9 சிசி. நாற்பது போட்டபின் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் கொள்ளளவு 382.8 சிசி. ஆழக் குழி என்றால் மிஞ்சும் இடம் 59.4, விகிதம் 7.44. ஆழம் குறைந்த குழி என்றால் 51.4, விகிதம் 8.45. வளைந்திருந்த ஹெட்டை 0.3 மி.மீ. இழைத்தாக வேண்டும், எரியறையில் ஒரு சிசி குறையும். அப்போது 8.6.

மேஸ்திரி 7.44 போதும் என்றார். லேத் பட்டறைக்காரர் 8.6 வைத்தால் கார் பறக்கும் என்றார். நான் யோசித்தது எங்கள் சாலையை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்குள். மேலே காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஏறத்தாழ 86 சதவீதம்தான். எஞ்சின் இழுக்கும் காற்று குறைவதால் பலமும் குறைகிறது. அந்த இழப்பில் கொஞ்சத்தைக் கூடுதல் விகிதம் ஈடுகட்டும். மெல்லிய காற்றில் நாக்கிங் பயமும் குறைவு. ஆனால் ஆபத்து மேலே இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரும்போது சித்திரை வெயிலில் எஞ்சின் ஏற்கெனவே கொதித்திருக்கும். அடர்ந்த காற்று, நான்கு பேர் பாரம், இரண்டாம் கியர், குறைந்த வேகத்தில் முழு ஆக்சிலரேட்டர். நாக்கிங்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அந்த அடியை வாங்கும் சுழல்தண்டான கிராங்க்கைத் தாங்குவதும் மூன்றே மெயின் பேரிங்.

அதனால் ஆழம் குறைந்த குழிப் பிஸ்டன், ஆனால் 8.2 விகிதம் என்று முடிவெடுத்தேன். கடைக்காரரிடம் அளந்து காட்டியதும் மறுபேச்சில்லாமல் இரண்டை மாற்றித் தந்தார். மாற்றியவற்றையும் அளந்தேன், பிஸ்டனைத் தாங்கும் ‘பின்’ என்ற தண்டின் நடுவிலிருந்து தலைவரை உயரம், எடை எல்லாம் ஒத்திருந்தன. ஹெட்டை இழைத்தபின் நான்கு எரியறைகளையும் நாங்களே சிறு அரைகல் கொண்டு 40 சிசிக்குத் திறந்தோம். வால்வைச் சுற்றியிருந்த கூர்முனைகளை மழுக்கினோம். கூர்முனைதான் சிவக்கச் சூடேறி நேரத்துக்கு முன்பே தீயை மூட்டும். கொஞ்சம் அரைப்பது, அளப்பது, மறுபடி அரைப்பது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மிஞ்சிய இடம் 53.4, விகிதம் 8.17.

பிஸ்டன் கைக்கு வருமுன் போரிங் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் அளந்து எண் குறித்து, அதற்கேற்ப 0.05 மி.மீ. இடைவெளி விட்டுக் கடைந்து, உள்சுவரை மெருகேற்றும் ஹோனிங் செய்தார்கள். வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் 2000-க்குப் பின் பெட்ரோலில் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் அடித்தோம். எத்தனாலுக்காக ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமையும் மாற்றினோம். கார்புரேட்டரில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டி, இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளினோம்.

ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியபின் இந்தச் சித்திரையில் மறுபடி ஏறினேன். அடிவாரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற அந்தச் சத்தம் வரவில்லை. பதினொன்றாவது வளைவை இரண்டாம் கியரில் கடந்தேன். அம்மா பின்சீட்டில் எதுவும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் நிறுத்தி, சூட்டோடு பிளக்குகளைக் கழற்றி கேஜை வைத்தேன். சேலத்தில் 145 காட்டியது அங்கே 125. காற்று குறைந்ததற்குச் சரியான கணக்கு. மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

“நான்கும் ஒரே எண்ணா, தம்பி?”

“இரண்டு பவுண்டுக்குள்தான் வித்தியாசம், அண்ணா.”