தோள்பட்டை வலியும் டைம் ஆபீஸ் பதிவும்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டம்) டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்த அன்றைக்கே, வருகைப் பதிவு பார்க்கும் கம்பெனி டைம் ஆபீஸுக்குப் போய், "சார், என் பேருக்கு நேரே என்ன போடப் போறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். என் தோள்பட்டை படுத்திய பாட்டைவிட அந்தப் பதிவு படுத்திய பாடு பெரிது.

நான் சேதராப்பட்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, பேலட்டில் ஏற்ற வேண்டும். மேல் வரிசைகளுக்குப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். எனக்கு உயரமும் கம்மி. ராத்திரி வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனது. அப்புறம் தலை பின்ன முடியவில்லை, பின்கொக்கி மாட்ட முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் போடும் வலி ஊசி இரண்டு நாள் தாங்கும், மறுபடியும் அதே கதை.

டிஸ்பென்சரி, ரெஃபரல் சீட்டு, கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனை, ஸ்கேன் எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தன. தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் மேலே இருப்பதன் ஜவ்வு ஓரளவு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் இப்போது வேண்டாம், பிசியோதெரபியை மூன்று மாதம் விடாமல் செய்து பார்ப்போம் என்றார் டாக்டர்.

முதல் முடிச்சு கம்பெனியில் விழுந்தது. வேலையில் அடிபட்டது என்று பதிவானால் இ.எஸ்.ஐ. தினக்கூலியில் 90 சதவீதம் தரும். முன்னால் எத்தனை நாள் சந்தா கட்டினோம் என்று பார்ப்பதில்லை. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம்தான், வருஷத்துக்கு 91 நாள் வரைதான், முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. தினக்கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். கைக்கு வருவது 450-ஆ 350-ஆ என்பது சின்ன விஷயமா? "இந்த வேலையால் வந்த வலிதானே" என்று கேட்டேன். "சரிம்மா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அடிபட்டுச்சு?" என்றார் சூப்பர்வைசர். வருஷக்கணக்கில் பெட்டி தூக்கித் தேய்ந்த தோளுக்கு எந்தத் தேதியைச் சொல்வது? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் எலும்பு, தசைக் கோளாறுகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது என்று யூனியன் அண்ணன் ஒருவர் சொன்னார். இருக்கட்டும், விபத்துப் பதிவேட்டில் எழுத ஒரு சம்பவம் வேண்டும் என்கிறார்கள், என்னிடம் அது இல்லை. உங்களுக்கு ஒரு நாள் பெட்டி நழுவி தோள் சுளீரென்று இழுத்திருந்தால், அன்றே ஷிப்ட் முடிவதற்குள் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நகராதீர்கள்.

எனக்கு 70 சதவீதம்தான் என்று ஆனது. அதுவும் வரவில்லை. வாரா வாரம் டாக்டர் சான்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், வங்கிக் கணக்கில் சல்லிக்காசு ஏறவில்லை. இ.எஸ்.ஐ. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. திரையைத் திருப்பிக் காட்டி, "கம்பெனியிலிருந்து பதில் வரலைக்கா" என்றார். நாம் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை, சம்பளமும் வாங்கவில்லை என்று முதலாளி தரப்பு உறுதி செய்தால்தான் பணம் நகரும். கம்பெனியில் கேட்டால் "அப்பவே அனுப்பிட்டோமே" என்பார்கள். அனுப்பியதைக் காட்டச் சொன்னால் ஆள் சாப்பிடப் போயிருப்பார்.

கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. ஆரம்ப நாட்களை என்னைக் கேட்காமலே ஈட்டிய விடுப்பில் கழித்துச் சம்பளம் போட்டிருக்கிறார்கள். சம்பளத்தோடு விடுப்பு என்றால் அந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது. விடுப்பு தீர்ந்ததும் சம்பளத்தையும் நிறுத்திவிட்டு, மிச்ச நாட்களுக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். இதைக் கேட்டு இ.எஸ்.ஐ. கம்பெனிக்கு அனுப்பிய விசாரணைக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு போய், டைம் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்தேன். கையெழுத்தும் சீலும் விழுந்த பிறகுதான் எழுந்தேன். போனில் படமும் எடுத்துக்கொண்டேன். நிலுவை மொத்தமாக வந்தது. கழித்த விடுப்பு கழித்ததுதான், அதைத் திருப்பித் தர மாட்டோம் என்றுவிட்டார்கள்.

இன்னொன்று: சான்றுக்கும் சான்றுக்கும் இடையில் ஒரு நாள்கூட விடாதீர்கள். விடுமுறை குறுக்கே வந்தால் முன்கூட்டியே போய்விடுங்கள்.

பிசியோதெரபி பற்றிச் சொல்ல வேண்டும். வில்லியனூரிலிருந்து கோரிமேட்டுக்கு இரண்டு பஸ், கூட்டத்தில் வலது கையால் கம்பியைப் பிடிக்கவும் முடியாது. ஆனாலும் போனதற்குப் பலன் உண்டு. கரண்ட் வைக்கும் மிஷின்தான் வைத்தியம் என்று அங்கே பாதிப் பேர் நினைக்கிறார்கள். "அது வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், ஜவ்வு பலமாகறது நீங்க செய்யற பயிற்சியிலதான்" என்று பிசியோ தம்பி தெளிவாகச் சொன்னார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது. பத்துக்கு நாலு அளவு வலி வரலாம், மறுநாள் காலைக்குள் தணிய வேண்டும். தணியாவிட்டால் அடுத்த தடவை குறைத்துச் செய்ய வேண்டும். வீட்டுச் சுவரில் என் விரல் எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் கோடு போடுவாள். கோடு நகராத வாரங்களில் அழுகையாக வரும். மணிக்கட்டு வீங்கிய தையல்காரப் பெண், இடுப்பு பிடித்துக்கொண்ட பஸ் டிரைவர் என்று அந்த அறையில் இருந்தவர்களைப் பார்த்தாலே பாண்டியில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வேலைக்குத் திரும்பும்போது வெறும் ஃபிட்னஸ் சான்றோடு போகாதீர்கள். "தோள் உயரத்துக்கு மேல் பாரம் தூக்கக் கூடாது" என்று டாக்டரிடம் எழுதி வாங்கினேன். அந்த வரி இருந்ததால்தான் என் லைனில் அடுக்கும் உயரத்தைக் குறைத்தார்கள். லாரியில் இடம் வீணாகிறது என்று சூப்பர்வைசர் இன்னும் முனகுகிறார்.

இப்போது பக்கத்து லைன் அக்காவுக்குத் தோள் குத்த ஆரம்பித்திருக்கிறது. ஒப்பந்ததாரர் மாறியபோது பழைய இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டிருக்கிறார்கள். நோய்க்கால பணம் கிடைக்க அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அவருடைய நாட்கள் இரண்டு எண்ணிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் கணக்கு. வர்ற திங்கட்கிழமை ஆதார், பழைய கார்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றோடும் அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கக் கேட்கப் போகிறோம்.