டப்ளினில் ஒரு தேர்தல் ஆண்டு

ஜூன் 2, 2024, ஞாயிறு

தெருவில் ஒரு விளக்குக் கம்பம் பாக்கி இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வேட்பாளர்களின் முகம். வெள்ளிக்கிழமை உள்ளாட்சித் தேர்தலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் சேர்ந்து வருகின்றன. வாக்குப்பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் இந்தத் தட்டிகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம்.

மாலையில் ஒரு வேட்பாளரே வீடு வீடாக வந்தார். எதிர்வீட்டுக்காரர் தான் வேறு கட்சி என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். வேட்பாளர் நகரவில்லை. "சரி, ஒன்றை அவர்களுக்கே போடுங்கள். இரண்டையாவது எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டு, உடைந்த நடைபாதையைப் பற்றி நின்று பேசினார். இங்கே வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவதுதான் வாக்கு. தனக்கு முதல் வாக்கு தராதவர் என்று தெரிந்த பிறகும் அவரிடம் நின்று பேசியாக வேண்டும். அயர்லாந்துத் தேர்தலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கட்டாயம்தான்.

ஜூன் 5, புதன்

நேற்று முழுக்க இந்தியத் தேர்தல் முடிவுகள். தமிழ்நாட்டில் 39 தொகுதியும் திமுக கூட்டணிக்கு. வாங்கிய வாக்கு ஏறக்குறைய 47 சதவீதம். மீதிப் பாதிக்கு மேற்பட்டவர்கள் சார்பில் மாநிலத்திலிருந்து மக்களவைக்கு ஒருவர்கூடப் போகவில்லை. யார் ஜெயித்தாலும் இந்தக் கணக்கு எனக்கு உறுத்தும்.

ஊருக்கு நேரில் போனால்தான் அங்கே வாக்களிக்க முடியும் என்பதால் அந்த வாக்கு இந்த முறையும் இல்லை. ஆனால் இங்கே வசிக்கிற 18 வயது நிரம்பிய எவரும், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இவ்வளவு தாராளம் ஐரோப்பாவில் எல்லா நாட்டிலும் கிடையாது.

ஜூன் 7, வெள்ளி

வாக்களித்தாயிற்று. பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் 'எல்' என்ற எழுத்து: உள்ளாட்சி மட்டும். அதனால் ஒரே ஒரு சீட்டு. பக்கத்தில் நின்ற போலந்துக்காரருக்கு ஐரோப்பியச் சீட்டும் கிடைத்தது.

முத்திரை எல்லாம் இல்லை, பென்சிலால் 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். நம் மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடும் 'முதல் விருப்ப வாக்கு' முறையேதான். அங்கே சட்டமன்றத்துக்குள் நடப்பது இங்கே பள்ளிக்கூட வாசலில் எல்லோருக்கும் நடக்கிறது. ஒரு தொகுதிக்கு நான்கு இடம் என்றால் செல்லும் வாக்குகளை ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான வாக்கு. அதைத் தாண்டியவரின் உபரி வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டால் அவருடைய சீட்டுகளும் அப்படியே.

ஜூன் 8, சனி

தெரிந்த ஒருவர் அனுமதி வாங்கித் தர, ஆர்.டி.எஸ். அரங்கில் எண்ணிக்கையைப் பார்த்தேன். முந்தின இரவு பத்து மணிக்கே வாக்குப்பதிவு முடிந்திருந்தும் பெட்டிகளைக் காலையில்தான் திறக்கிறார்கள். ஊழியர்கள் ஒவ்வொரு சீட்டாக முகம் தெரியும்படி பிரித்து வைக்க, தடுப்புக்கு வெளியே கட்சிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்து அட்டையில் கோடு போடுகிறார்கள். ஐந்து கோடு ஒரு கட்டு. எந்தப் பெட்டி எந்தத் தெருவுடையது என்று அவர்களுக்குத் தெரியும். எந்தத் தெரு கைவிட்டது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். வியப்பு என்னவென்றால், எதிரும் புதிருமான கட்சிகள் இந்தக் கணக்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

போன நவம்பரில் டப்ளினில் நடந்த குடியேற்ற எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு 'அயர்லாந்து நிரம்பிவிட்டது' என்று முழங்கியவர்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய கட்டு வளரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஜூன் 12, புதன்

அவர்களில் சிலர் டப்ளின் மாநகராட்சியில் ஜெயித்துவிட்டார்கள். முதல் விருப்பம் குறைவாக இருந்தாலும் உள்ளே வர முடிகிற முறை இது. எனக்குப் பிடிக்காதவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கத்தான் செய்யும்.

மிட்லண்ட்ஸ் வடமேற்கு ஐரோப்பியத் தொகுதியில் 5 இடத்துக்கு 27 வேட்பாளர்கள். இரண்டடி நீளச் சீட்டு. காசல்பார் நகரில் இன்னும் எண்ணுகிறார்கள். மெஷின் வைத்தால் என்ன என்று அலுவலகத்தில் பேச்சு. வைத்துப் பார்த்தார்கள். ஐந்து கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கி, 2002இல் சில தொகுதிகளில் பயன்படுத்தி, நம்பிக்கை வராமல் 2009இல் கைவிட்டு, 2012இல் சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். சீட்டு கைமாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தோற்றவர் ஒப்புக்கொள்வார். அதற்காக ஐந்து நாள் காத்திருக்கலாம்.

நவம்பர் 10, ஞாயிறு

29ஆம் தேதி பொதுத் தேர்தல். இதில் எனக்கு வாக்கு இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியோடு தேநீர். எண்பதைத் தாண்டியவர், அப்பா ஃபினா கேல். "எங்கள் வீட்டில் ஃபியன்னா ஃபாயில் பெயருக்கு எதிரே எந்த எண்ணும் விழாது. அப்பா உயிரோடு இருந்தால் என்னைச் சேர்க்கமாட்டார்" என்றார். 1922-23 உள்நாட்டுப் போரில் இரு பக்கம் நின்றவர்களின் வாரிசுக் கட்சிகள் அவை. 2020இல்தான் கூட்டணி ஆட்சியில் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்தன. இந்த முறை பாட்டி ஒன்று ஒருவருக்கும் இரண்டு மற்றவருக்கும் போடப் போகிறார். பேத்திக்கு வாடகை வீடு கிடைக்காததுதான் அவருக்கு இப்போது பெரிய கவலை.

விருப்ப எண் போடும் இந்த வாக்கு முறையை ஒழிக்க ஃபியன்னா ஃபாயில் இரண்டு தடவை முயன்றது. 1959இல் மக்கள் அந்தக் கட்சியின் தலைவர் டி வலேராவைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில் அவர் கட்சியின் திட்டத்தை 51.8 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். 1968இல் எதிர்ப்பு 60 சதவீதத்தையும் தாண்டியது. தலைவரையும் அவர் கொண்டுவந்த திட்டத்தையும் பிரித்துப் பார்த்த அந்த வாக்காளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

டிசம்பர் 1, ஞாயிறு

டப்ளின் சென்ட்ரல் தொகுதி. நான்கு இடம். பல ஆண்டுகளாகக் குற்றச் செய்திகளில் அடிபட்ட, 2023இல் ஒரு கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜெரார்டு ஹட்ச் சுயேச்சையாக நின்று 3,098 முதல் விருப்ப வாக்குகளோடு நான்காவதாக இருந்தார். முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் அவர் உறுப்பினர். ஒவ்வொருவராக நீக்கப்பட, லேபர் கட்சியின் மேரி ஷெர்லக் பின்னாலிருந்து ஏறி வந்து தாண்டிவிட்டார். ஹட்சுக்கு ஒன்று போட்டவர்கள் உறுதியாகப் போட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அவருக்கு இரண்டு, மூன்று, நான்குகூடத் தரவில்லை. அந்த மறுப்பும் எண்ணப்பட்டது.

குடியேற்ற எதிர்ப்பையே முழக்கமாகக் கொண்ட தேசியக் கட்சிக்கும் ஐரிஷ் சுதந்திரக் கட்சிக்கும் ஓர் இடமும் இல்லை. இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

டிசம்பர் 4, புதன்

நாடாளுமன்றத்தில் மொத்தம் 174 இடம். ஃபியன்னா ஃபாயில் 48, சின் ஃபெயின் 39, ஃபினா கேல் 38. பழைய எதிரிகள் இருவரும் சேர்ந்தால் 86, வேண்டியது 88. இனி சுயேச்சைகளோடு பேச்சு. ஊர்ச் சாலை, ஊர் மருத்துவமனை என்று அவர்கள் பேரம் பேசுவதைச் சிலர் கேவலமாகப் பார்க்கிறார்கள். வாசல் வாசலாக இரண்டும் மூன்றும் கேட்டு வாங்கி வந்தவர்கள் ஊர்க்காரர்களுக்காகப் பேசட்டும், அதில் தப்பில்லை. ஆனால் வாடகை வீட்டுப் பிரச்சினை எந்த ஒரு தொகுதிக்கும் சொந்தமானதில்லை. இந்தப் பேச்சில் அது பின்னுக்குப் போய்விடக் கூடாது.