9 வோல்ட் மாமா

என் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்க்கிற எவரும் "வாசிப்பியா?" என்று கேட்பதில்லை. "இது ஏன் இப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். V எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி உடம்பு, கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் கூர்முனை. 1958இல் கிப்சன் நிறுவனம் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தபோது வாங்க ஆளில்லாமல் அடுத்த வருடமே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிற்காலத்தில் ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசைக்காரர்கள்தான் இதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். மேடையில் நின்று வாசித்தால் கம்பீரம், மறுக்க முடியாது. உட்கார்ந்தால் மடியில் தங்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஒரு முனையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டால்தான் வாசிக்க முடியும்.

வீட்டில் ஹெட்போன் இல்லாமல் வாசிக்க அனுமதி இல்லை. என் காதுக்குள் ஊழிக்கூத்து நடக்கும், அறையில் கேட்பதோ வெறும் டிக் டிக் டிக். ஆக அம்மாவின் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: மகன் காதை மூடிக்கொண்டு, முகத்தை அஷ்டகோணலாக்கி, தலையை ஆட்டியபடி ஒரு பலகையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். இதைப் பற்றி மாமாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் போல. அடுத்த வாரமே மாமா வந்துவிட்டார்.

மாமா தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் பையில் மின்சாரத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருக்கும். "எடு மாப்ளே, ஒரு நல்ல பாட்டா வாசி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கிட்டார் கேபிளைச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில் செருகி, ஒரு தட்டுத் தட்டினேன். சத்தமே இல்லை.

பேட்டரி காலி. ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றுவது பிக்கப். இந்த கிட்டாரில் இருப்பது ஆக்டிவ் பிக்கப். உள்ளேயே அந்தச் சமிக்ஞையைப் பெருக்கும் ஒரு குட்டி ப்ரீஆம்ப் உண்டு, அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். தனியாக ஸ்விட்ச் கிடையாது, கேபிளைச் செருகினால் ஆன், உருவினால் ஆஃப். என் அக்கா மகன் விளையாடிவிட்டு கேபிளை அப்படியே விட்டுப் போயிருக்கிறான். எத்தனை நாளாகவோ, யாரும் வாசிக்காத கிட்டார் ராத்திரி பகலாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கிட்டாருக்கு எதுக்குடா பேட்டரி?" என்று கேட்டவர், கேபிள் செருகும் ஜாக்கே ஸ்விட்சாக வேலை செய்வதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு மறந்து போயிற்று. மல்டிமீட்டரின் முதுகைத் திறந்து, அதிலிருந்த 9 வோல்ட் பேட்டரியை எடுத்து நீட்டினார். "போகும்போது திருப்பித் தந்துடணும்."

சரி, சத்தம் வந்தது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனோடு, அவருக்காக ஒரு பழைய மெலடியின் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, அப்படியே வாசித்தேன். நெரிசலான பஸ்ஸில் ஆறு பேர் ஒரே நேரத்தில் சண்டை போட்டதுபோல் இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டிஸ்டார்ஷனின் குணம் அது. ஸ்வரங்களை ஒன்றோடொன்று கலந்து, நாம் வாசிக்காத புதுச் சத்தங்களையும் உண்டாக்கிவிடும். ஸ்வரம் கூடக்கூடக் குழப்பமும் கூடும். அதனால்தான் மெட்டலில் ஆதார ஸ்வரம், அதன் ஐந்தாம் ஸ்வரம் என்று இரண்டை மட்டும் வைத்து 'பவர் கார்டு' வாசிக்கிறார்கள். ச-ப, அவ்வளவுதான்.

"ரெண்டு ஸ்வரம்தானா? அப்ப நானே வாசிப்பேனே" என்றார் மாமா. பேச்சுவாக்கில் சொன்னார் என்று நினைத்தேன். கையை நீட்டியபடியே இருந்தார்.

மாமாவின் இடது கை ஆட்காட்டி விரலுக்கு நுனி கிடையாது, வேலையில் இருந்தபோது மெஷினில் போனது. எனக்கு உடனே டோனி ஐயோமி நினைவுக்கு வந்தார். பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார்காரர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில் வேலை செய்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடதுகைக்காரர் என்பதால் ஸ்ட்ரிங்கை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய ஸ்ட்ரிங் போட்டார், பின்னாளில் சுருதியைக் குறைத்து ஸ்ட்ரிங்கைத் தளர்த்தினார். அந்தக் கனத்த சத்தத்தில் இதற்கும் பங்குண்டு.

மாமா தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கட்டு மட்டும்தான்டா போட்டாங்க. யாரும் கிட்டார் தரலையே."

அவருக்காக டிராப் டி என்ற சுருதி வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆறாவது, அதாவது தடித்த ஸ்ட்ரிங்கை மட்டும் E ஸ்வரத்திலிருந்து D ஸ்வரத்துக்கு இறக்கிவிட்டால், கீழ்ச்சுருதி ஸ்ட்ரிங்குகள் மூன்றையும் ஒரே விரலைப் படுக்கவைத்து அழுத்தினாலே பவர் கார்டு. சாதாரண கிட்டாரில் இது அரை நிமிட வேலை. என்னுடையதில் ஸ்ட்ரிங்குகளை உடம்போடு பிடித்திருப்பது ஃபிளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ். ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இழுக்க, முதுகுப் பக்கம் ஸ்பிரிங் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் பிரிட்ஜ் மிதக்கிறது. ஒரு ஸ்ட்ரிங்கைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கின் கை ஓங்கி, மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். ஆலன் கீ எடுத்து ஸ்ட்ரிங்குகளை இறுக்கிப் பிடித்திருக்கும் பூட்டைத் திறந்து, ஐந்தையும் இறக்கினேன். ஆறாவது மேலே போனது. அதை இறக்கினேன். மற்றவை ஏறின.

நான் வட்டமடித்துக்கொண்டிருக்க, மாமா கிட்டாரைக் கவிழ்த்து மூடியைத் திறந்தார். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "முன்னாடி இழுவை குறைஞ்சிருக்கு, பின்னாடியும் குறைக்கணும்ல?" என்றபடி ஸ்க்ரூடிரைவரால் தளர்த்தினார். பிரிட்ஜ் சமமாக வந்து நின்றது. வாங்கிய நாள் முதல் நான் அந்த மூடியைத் திறந்ததே இல்லை. திறக்க நினைத்ததுகூட இல்லை.

அப்புறம் நடுவிரலைப் படுக்கவைத்து, வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே லேசாக வைத்து ஸ்ட்ரிங்கை அடக்கி, ஜுக் ஜுக் ஜுக் என்று அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். தாளம் பிசகவில்லை. அவர் முகமும் அஷ்டகோணலாக மாற ஆரம்பித்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தார். தம்பியைத் திட்ட மனமில்லாமல், "சத்தத்தை மட்டும் குறைச்சுக்கோடா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இந்தச் சலுகை ஒருநாளும் கிடைத்ததில்லை.

இருட்டும்வரை கிட்டார் என் கைக்குத் திரும்பவில்லை. கிளம்பும்போது பேட்டரியை மட்டும் மறக்காமல் கழற்றி மல்டிமீட்டரில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே போன். "பேட்டரி வாங்கியாச்சா?"

"வாங்கிட்டேன் மாமா."

"சரி, ஞாயித்துக்கிழமை வரேன். அந்த ஆறாவது கம்பியை மேல ஏத்திடாதே."