கண்டுபிடித்த ஆண்டும் கட்டாயமான ஆண்டும்

விக்டோரியா மகாராணி காலத்துச் சாதனைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் ரயிலும் தந்தியும் முதல் வரிசையில் வந்துவிடும். 1837-ல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தார். அதே ஆண்டு ஜூலையில் குக், வீட்ஸ்டோன் என்ற இருவர் லண்டன் யூஸ்டனிலிருந்து கேம்டன் டவுன் வரை கம்பி இழுத்து மின்தந்தி அனுப்பிக் காட்டினார்கள். 1856-ல் ஜான் சாக்ஸ்பி, வண்டியை ஒரு பாதையிலிருந்து மறுபாதைக்குத் திருப்பும் பாயிண்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1870-களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸின் தானியங்கி பிரேக் வந்துவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் மீட்டர்கேஜ் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னைக் கேட்டால், பட்டியலில் தடித்த எழுத்தில் போடவேண்டிய ஆண்டு 1889. அந்த ஆண்டு பிரிட்டனில் வந்த ரயில்வே சட்டத்தில் புதிய கருவி ஒன்றுகூடக் கிடையாது. பல வருடங்களாகக் கடையில் கிடைத்துக்கொண்டிருந்ததை இனி வாங்கி மாட்டியே ஆகவேண்டும் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அதைச் சொல்ல வைக்க எத்தனை பேர் சாகவேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

எங்கள் வேலையின் உயிர்நாடி 'லைன் கிளியர்'. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பாதையில் ஒரு சமயத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் லைன் கிளியர் கேட்டு, அவர் கொடுத்த பிறகுதான் இங்கே கைகாட்டி இறங்கும். பயிற்சியில் இதை மனப்பாடமாக ஒப்பித்தபோது, ரயில் பிறந்த அன்றே இதுவும் பிறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. இங்கிலாந்தில் ரயில் ஓட ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் வரை கணக்கு வேறு. ஒரு வண்டி போனதும் பாதையோரம் நிற்கும் ரயில்வே போலீஸ்காரர் ஐந்து நிமிடம் சிவப்பு காட்டுவார், பிறகு சில நிமிடம் எச்சரிக்கை, அப்புறம் அடுத்த வண்டி போகலாம். முன்னால் போன வண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போயிருக்கும் என்று நம்பிக்கை.

தந்தி இல்லாத காலமாக இருந்தால் மன்னித்துவிடலாம். 1845 புத்தாண்டு நாளில் ஸ்லவ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ஜான் டாவெல் என்பவர் லண்டனுக்கு ரயிலேறினார். அவருடைய அடையாளம் கம்பி வழியே முந்திப் போய்விட்டது. கியூ என்ற எழுத்தே அந்தத் தந்திக் கருவியில் கிடையாது. அதனால் 'குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) போல உடுத்தியவர்' என்பதை வேறு எழுத்து போட்டு அனுப்ப, வாங்கியவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தாராம். ஆனாலும் ஆள் பிடிபட்டார், தூக்கிலும் போட்டார்கள். ஊரெல்லாம் தந்தியின் பெருமைதான். கொலைகாரனைத் துரத்த உதவிய அதே கம்பியை, இரண்டு ரயில்களைப் பிரித்துவைக்க எல்லாரும் பயன்படுத்தவேண்டும் என்று சட்டம் போட மேலும் 44 வருடம் ஆனது.

நடுவே நடந்ததில் என்னை அதிகம் உலுக்கியது கிளேட்டன் சுரங்க விபத்து. 1861 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டனிலிருந்து லண்டன் பக்கம் மூன்று வண்டிகள். 8.05, 8.15, 8.30 என்று புறப்பட வேண்டியவை. உண்மையில் கிளம்பியது 8.28, 8.31, 8.35-க்கு. ஐந்து நிமிட விதியே அங்கு காற்றில் போய்விட்டது. 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமுள்ள சுரங்கத்தின் தென் வாயிலில் சிக்னல்மேன் ஹென்றி கில்லிக், வட வாயிலில் பிரவுன். சுரங்கத்துக்கு மட்டும் இருவருக்கும் நடுவே தந்தி உண்டு. முதல் வண்டி உள்ளே போனதும் தானாகச் சிவப்புக்குத் திரும்பவேண்டிய சிக்னல் திரும்பவில்லை. மணி அடித்து எச்சரித்தது. அதற்குள் இரண்டாவது வண்டி வந்துவிட்டது. கில்லிக் சிவப்புக் கொடியை எடுத்து ஆட்டினார். டிரைவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை, வண்டி சுரங்கத்துக்குள் மறைந்தது. பிரவுனிடம் தந்தியில் கேட்டார். அந்நேரம் வெளியே வந்த முதல் வண்டியைப் பார்த்துவிட்டு 'சுரங்கம் கிளியர்' என்று பிரவுன் பதில் கொடுத்தார். இரண்டாவது வண்டியைத்தான் சொல்கிறார் என்று கில்லிக் எடுத்துக்கொண்டு மூன்றாவது வண்டிக்கு வெள்ளைக் கொடி காட்டினார். இரண்டாவது வண்டியின் டிரைவரோ சிவப்பைப் பார்த்துவிட்டிருந்தார். கடமை தவறாத மனிதர், உள்ளே நிறுத்தி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். 23 பேர் செத்தார்கள், 176 பேருக்குக் காயம்.

இதில் யார் என்ன தப்பு செய்தார் என்று தேடினால் எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஓட்டை. 'கிளியர்' என்றார், எந்த வண்டி என்று சொல்லவில்லை. எங்களுக்கு அதனால்தான் பிரைவேட் நம்பர். ஒவ்வொரு மாஸ்டரிடமும் முன்பின் தொடர்பில்லாத எண்கள் அச்சிட்ட தாள் இருக்கும். வண்டி எண்ணைச் சொல்லி லைன் கிளியர் கொடுக்கும்போது அதிலிருந்து ஒரு எண்ணையும் சொல்லி அடித்துவிடவேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் அதை ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். புதிதாக வந்த பையன்கள் இதை வெட்டிச் சடங்கு என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 'ஆமா, வந்தாச்சு' என்று போனில் ஒரு குரல் சொன்னால் எந்த வண்டி வந்தாச்சு என்று கேட்கத் தோன்றாது. அந்த எண் கேட்க வைக்கும்.

விபத்துக்குப் பிறகு பாதை முழுவதும் தந்தி வைத்து வண்டிகளைப் பிரித்து ஓட்டுங்கள் என்று அரசின் ரயில்வே ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்த ஆய்வாளர் அமைப்பு 1840-லேயே ஏற்பட்டது, ராணுவப் பொறியாளர்கள் அதில் இருந்தார்கள், நல்ல அறிக்கைகளும் எழுதினார்கள். ஆனால் கம்பெனிகளுக்கு யோசனைதான் சொல்லமுடியும், உத்தரவு போடமுடியாது. பிரைட்டன் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. தந்தி வந்தால் டிரைவரின் பொறுப்பு குறைந்துபோகும், அதனால் ஆபத்து கூடும் என்பது அவர்கள் வாதம். சாக்ஸ்பி வேலை பார்த்ததும் இதே கம்பெனியில்தான் என்பது கூடுதல் வேடிக்கை.

இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சிவப்பைத் தாண்டினால் வண்டியைத் தானே நிறுத்தும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு சமயம், மூத்த டிரைவர் ஒருவர், "மெஷினே நிறுத்திடும்னா நான் எதுக்கு மாஸ்டர் முழிச்சிருக்கணும்?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான், ஆனால் உள்ளே ஒரு உண்மையும் இருந்தது. எஞ்சினில் உட்கார்ந்திருப்பவர் அதைச் சொல்வது வேறு. பணப்பெட்டிச் சாவியை வைத்திருப்பவர் அதையே சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒற்றைப் பாதையில் நிலைமை இன்னும் மோசம். 1874 செப்டம்பர் 10 இரவு, நாரிச் பக்கம் தார்ப் என்ற இடத்தில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகள் மழையில், இருட்டில் மோதின. அதிகாரி கையெழுத்துப் போடாத தந்திச் செய்தியை கிளார்க் அனுப்பிவிட்டார். தெரிந்ததும் ரத்து செய்யப் பார்த்தார்கள். வண்டி புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. 25 பேர் போனார்கள். அதற்குப் பிறகு 1878-ல் எட்வர்ட் டையர் ஒரு கருவி செய்தார். இரண்டு ஸ்டேஷனிலும் மின்கம்பியால் இணைந்த ஒரு ஜோடிப் பெட்டி. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும் வரை இரண்டிலுமே அடுத்தது வராது. வில்லை கையில் இல்லாமல் டிரைவர் நகரக்கூடாது.

நான் வேலை பார்த்த நீல் பால் டோக்கன் கருவியும் இதே வழியில் வந்ததுதான். வில்லைக்குப் பதில் இரும்பு உருண்டை. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் வண்டிக்கு பாயிண்ட்ஸ்மேன் நீட்டுவார். ஓடும் எஞ்சினிலிருந்து டிரைவரின் ஆள் கையை நுழைத்து வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். மழைநாளில் அது புதருக்குள் விழுந்தால் டார்ச் அடித்துத் தேடவேண்டும். உருண்டை கிடைத்துப் பெட்டிக்குள் போகாமல் அடுத்த வண்டிக்கு வழியில்லை. அந்த இடத்தில் யாருடைய சாமர்த்தியமும், யாருடைய சிபாரிசும் செல்லாது என்பதில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம் உண்டு.

1876 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் நடந்த விபத்தில் பனி உறைந்து கைகாட்டி 'போகலாம்' நிலையிலேயே ஒட்டிக்கொண்டது. அதுவரை அங்கே கைகாட்டி எப்போதும் இறங்கியிருக்கும், வேண்டும்போதுதான் தூக்குவார்கள். பிறகு தலைகீழாக்கினார்கள்.

கடைசியாக அர்மா. அயர்லாந்தில் 1889 ஜூன் 12 அன்று ஞாயிறுப் பள்ளிக் குழந்தைகளும் பெற்றோர்களுமாகக் கடற்கரைக்குச் சுற்றுலா போன வண்டி. 15 பெட்டி, 900-க்கு மேல் ஆட்கள். 75 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. முன்னால் உள்ள ஐந்து பெட்டியை முதலில் அடுத்த ஸ்டேஷனில் விட்டுவிட்டு வரலாம் என்று பின்னால் இருந்த பத்துப் பெட்டிகளைக் கழற்றினார்கள். பிரேக் இருந்தது, ஆனால் சாதாரண வேக்குவம் பிரேக். எஞ்சினிலிருந்து காற்றை உறிஞ்சினால்தான் பிடிக்கும். குழாயைக் கழற்றினால் பிரேக்கே இல்லை. கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான் துணை. எஞ்சின் கிளம்பும்போது இம்மி பின்னால் நகர்ந்து இடித்தது. கல் நொறுங்கிப் பத்துப் பெட்டியும் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தன. கீழே இடைவெளி நேரம் முடிந்துவிட்டதென்று அடுத்த வண்டியை அனுப்பியிருந்தார்கள். சுமார் 80 பேர், நிறைய குழந்தைகள்.

எங்கள் காலத்து வேக்குவம் பிரேக் இதற்கு நேர் எதிர். வேக்குவம் இருக்கும்வரை சக்கரம் விடும். குழாய் அறுந்தால் எல்லாப் பெட்டியிலும் தானே பிடிக்கும். இப்படிப்பட்ட தானியங்கி பிரேக்கை 1875-லேயே நியூவர்க்கில் எல்லாக் கம்பெனிகளும் பார்க்கச் சோதனை ஓட்டம் நடத்திக் காட்டியிருந்தார்கள். அர்மா வண்டியில் இல்லை, விதி அதைக் கேட்கவும் இல்லை. எங்கள் ஸ்டேஷன்களில், வண்டியின் கடைசிப் பெட்டியில் எல்.வி. ('லாஸ்ட் வெஹிக்கிள்', இதுதான் கடைசி என்று காட்டும்) பலகை தொங்குகிறதா என்று பிளாட்பாரத்தில் நின்று கண்ணால் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்தது என்று எழுதுவோம். பின்பாதி வழியில் நின்றிருந்தால் அது சொல்லிவிடும்.

ஆகஸ்ட் 30-ல் சட்டம் வந்தது. பிளாக் முறை (ஒரு துண்டுப் பாதையில் ஒரு சமயம் ஒரே வண்டி), பாயிண்ட்–சிக்னல் பிணைப்பு, தானியங்கி பிரேக், மூன்றும் பயணிகள் பாதையில் கட்டாயம். முப்பது வருடம் 'ஆகாது, கட்டுப்படியாகாது' என்றவர்களுக்குப் பதினொரு வாரத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் அதில் விட்டுப்போயிற்று. கிளேட்டனில் கில்லிக் அன்றைக்குத் தொடர்ந்து 24 மணி நேர டூட்டியில் இருந்தார். வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பு வேண்டுமென்றால் அப்படித்தான் சேர்த்துப் பார்க்கவேண்டும். ரயில்வே ஆட்களின் வேலை நேரத்தைப் பற்றிச் சட்டம் வந்தது 1893-ல். அதுவும் புகார் வந்தால் அரசு கம்பெனியை விசாரித்து நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்ற அளவில்தான். எங்கள் சிறிய ஸ்டேஷன்களில் வண்டி குறைவு என்பதால் 'இ.ஐ.' ரோஸ்டர் ('எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட்', விட்டுவிட்டு வேலை வரும் டூட்டி), 12 மணி நேரம். மாற்று ஆள் வராத நாளில் அது நீளும். தீபாவளிக்கு ஊருக்குப் போக இரண்டு டூட்டியைச் சேர்த்துப் பார்க்கிறேன் என்று வந்து நிற்கும் பையன்களுக்கு கில்லிக் கதையைச் சொல்லித்தான் மறுப்பேன். சிலர் யோசித்துவிட்டுப் போவார்கள். ஒருவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு சார், லீவுக்கு என்ன வழி?" என்றான். அவனுக்காக நானே மேலே எழுதிப்போட்டேன்.