இன நல்லிணக்க நாளும் என் வகுப்பும்

ஜூலை 14, 2025

அடுத்த திங்கள் 21ஆம் தேதி. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997 முதல் இன நல்லிணக்க நாள். ஆசிரியர் அறையில் இன்று முழுக்க யார் என்ன உடுத்துவது, ரங்கோலிக்கு யார், அஞ்சாங்கல் போட்டிக்குக் கல் இருக்கிறதா என்ற பேச்சுதான். உடை மேல் எனக்கொன்றும் கோபமில்லை, பாஜு குரோங்கும் சியோங்சாமும் புடவையும் சேர்ந்து நின்றால் படம் நன்றாகத்தான் வரும். ஆனால் உயர்நிலை மூன்று பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது, இன்னமும் வேஷம் கட்டி அனுப்பிக்கொண்டே இருந்தால் எப்படி?

ஜூலை 16

ஏன் 21ஆம் தேதி என்று வகுப்பில் கேட்டேன். கலவரம் என்று சிலர் சொன்னார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 1964, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் நகர நடுவிலுள்ள பாடாங் திடலில் கிளம்பி கேலாங் வட்டாரத்துப் பக்கம் போனது, அன்று மூண்ட மலாய்-சீனக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், செப்டம்பரில் மறுபடி வெடித்து இன்னும் 13 பேர். "யார் சார் ஆரம்பிச்சது?" உடனே வந்துவிட்டது கேள்வி. இரண்டு பக்கமும் சொன்னதை அப்படியே வைத்தேன், அந்த நாளின் அரசியல் சண்டையையும் சேர்த்துத்தான். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 17

ஒரு பையனின் பாட்டி "அதையெல்லாம் ஏன் கிளறுறீங்க" என்று கேட்டாராம். அதையும் பலகையில் எழுதிவைத்தேன்.

அப்புறம் பேச்சு வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு வந்தது. வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது இதற்குத்தான். 1989இல் வந்த விதி: இப்போதைய கணக்கில் ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 விழுக்காடு வரை, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15. ஒரே இனம் ஒரே இடத்தில் குவியக்கூடாது என்பது நோக்கம், அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியரோ மலாய்க்காரரோ சீனருக்கு வீட்டை விற்க முடியாது. வாங்க வருவோரில் பெரும்பாலானோர் சீனர், அவர்களை விட்டால் ஆள் எங்கே, விலை எங்கே? பின்வரிசைப் பையன் கையைத் தூக்கினான். அவன் அப்பா விலை பேசி முடித்த பிறகு வீவக தளத்தில் தட்டிப் பார்த்தால் முடியாது என்று வந்ததாம், கடைசியில் குறைத்துத்தான் தள்ளினார்களாம். பக்கத்தில் இருந்த சீனப் பெண் திரும்பி அவனையே பார்த்தாள், "எங்க வீட்ல இந்தப் பேச்சே வந்ததில்லையே" என்றாள்.

இன்னொருத்தியின் அடையாள அட்டையில் இந்தியர்-சீனர் என்று இருக்கிறது. வீடு வாங்கும்போது முதலில் இருக்கும் இனம்தான் கணக்கு என்றதும், "அப்போ மாத்திப் போட்டா இன்னும் நிறைய புளோக்ல வாங்கலாமா சார்?" என்றாள். சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. நானும் சிரித்தேன், கேள்வி நியாயமானது.

ஜூலை 21

கொண்டாட்டம் முடிந்தது, படங்கள் அருமை. சக ஆசிரியர் ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "கோட்டா கீட்டா எல்லாம் எதுக்கு, பெற்றோர் யாராவது புகார் பண்ணா?" என்றார். பண்ணட்டும், வீடு விற்றவர்களும் பெற்றோர்தானே.

ஜூலை 22

இன்று பிள்ளைகளே கொண்டுவந்தது: 'இந்தியருக்கு இல்லை' என்ற வாடகை அறை விளம்பரம். சமையல் வாசம் என்று ஒருவன் காரணம் சொல்ல, அவனுடையதே பெலாசான் (இறால் விழுது) வறுக்கும் வீடு என்று இன்னொருவன் போட்டுக்கொடுத்தான். மணி அடித்துவிட்டது. வியாழக்கிழமை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.