தொட்டி மூடியைத் திறந்து பார்த்தோம்

ஐப்பசி அடைமழை பிடிக்கிறதுக்குள்ள, மொட்டை மாடிக் குழாய் வந்து விழுகிற மழைநீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தோம். மனசே ஆறலை. ஒரு சாண் உயரத்துக்குக் களிமண் சேறு. அதுக்குள்ள வேப்ப மர வேர், ரெண்டு பால் கவர். ஜல்லி, கூழாங்கல் எல்லாம் அடியில புதைஞ்சு கிடந்தது.

2003-ல தமிழ்நாட்டுல பழைய வீடு உட்பட எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்களே, அப்போ அப்பா கொத்தனாரைத் தேடி அலைஞ்சு கட்டினது இது. செய்யலைன்னா குடிநீர் இணைப்பையே துண்டிக்கலாம்னு விதி. கட்டினதோட சரி, அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கலை. 2019 கோடையில சென்னையே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னப்போகூட இந்த மூடியைத் திறக்கத் தோணலையே!

ஆயிரம் சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தா சுமார் 900 லிட்டர் தண்ணி. இத்தனை வருஷமா அது தெருச் சாக்கடைக்குத்தான் போயிருக்கு.

நேத்து சேறு முழுக்க அள்ளி, ஜல்லியைக் கழுவி, மணலைப் புதுசா மாத்தியாச்சு. மாடியையும் பெருக்கியாச்சு. இந்த ஞாயிறு உங்க வீட்டு மூடியையும் திறந்து பாருங்க. சேறு அள்ள ஆள் வேணும்னா சொல்லுங்க, பக்கத்துத் தெருன்னா நானே மண்வெட்டியோட வர்றேன்.