சைமனுக்குப் பதக்கம் வாங்கித் தந்தது எலி

அமெதிஸ்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் கடுவன் பூனை சைமனைப் பற்றி எழுதுகிறவர்கள் குண்டுக் காயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கிடைத்தது போர்ச் சேவைக்காக விலங்குகளுக்கு வழங்கும் டிக்கின் பதக்கம். அந்தப் பதக்கத்துக்கான காரணத்தில் முதலில் வருவது எலி. ஷெல் வெடித்துக் காயப்பட்ட பிறகும் எலிகளை ஒழித்தது என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட சேவை.

எலி கப்பலேறும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, கரையில் கட்டிய பெருங்கயிறு. அதைத் தடுக்கக் கயிற்றில் மூன்றடி விட்டமுள்ள வட்டத் தகடு மாட்டுவார்கள். இரண்டு கயிறுகளை ஒரே தகட்டுக்குள் திணித்தால் நடுவில் இடைவெளி விழும். தகடு சாய்ந்து தொங்கினாலும் எலி தாண்டிவிடும். இரண்டாவது வழி சரக்கு. திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குக் கரைக்கயிறு கிடையாது, ஆகவே தகட்டுக்கும் வேலையில்லை. ஆனால் சரக்குப் படகான வத்தையில் வரும் அரிசி மூட்டைக்குள்ளும் உருளைக்கிழங்குச் சாக்குக்குள்ளும் இருப்பதை யார் பார்ப்பது?

ஏறிய எலிகளைப் பூனை முழுவதுமாக அழித்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. பலகைக்குப் பின்னாலும் குழாய் உறைகளுக்குள்ளும் பூனை நுழைய முடியாது. வளர்ந்த எலி முந்நூறு, நானூறு கிராம் தேறும், திருப்பிக் கடிக்கும். பெரும்பாலான பூனைகள் குஞ்செலியோடு நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் ஆட்களை இறக்கிவிட்டுக் கந்தகப் புகையோ சயனைட் வாயுவோ அடிக்கும் வழக்கம் இருந்தது.

சீனாவின் யாங்சி ஆற்றில் அமெதிஸ்டுக்கு அதற்கு வழியில்லை. 1949 ஏப்ரல் 20 அன்று சீனக் கம்யூனிஸ்ட் படையின் பீரங்கிகள் அமெதிஸ்டைத் தாக்கின. கப்டன் ஸ்கின்னர் படுகாயமடைந்து இறந்தார். சைமனுக்கு மீசை கருகி, உடம்பில் உலோகச் சில்லுகள் ஏறின. ஜூலை 30 இரவு தப்பி ஓடும்வரை கப்பல் 101 நாள் சிறைப்பட்டுக் கிடந்தது. எண்ணெயை மிச்சம் பிடிக்கக் கொதிகலன்களை நிறுத்தியதால் காற்றோட்டமும் நின்றது. புழுக்கம் எலிக்கு வாய்ப்பு. அதன் சினைக்காலம் மூன்றே வாரம். 101 நாளில் எத்தனை ஈற்று என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெளியிலிருந்து புதிய உணவு வருவது அரிதான நிலையில், களஞ்சியத்தில் எலி கடித்த ஒவ்வொரு மூட்டையும் மாலுமிகளின் வயிற்றில் அடித்தது. மாலுமிகள் மா சே துங் என்று பெயர் வைத்திருந்த பெரிய எலியைச் சைமன் கொன்றது வெறும் வேடிக்கைக் கதை அல்ல. காயம் ஆறாத பூனை பெரிய எலியோடு மோதுவது அபூர்வம்.

சைமன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது விசர்நோய்ச் சட்டப்படி ஆறு மாதத் தனிமைப்படுத்தல் காத்திருந்தது. அங்கேயே நவம்பர் 28 இல் செத்தது. 1943 முதல் 1949 வரை வழங்கிய 54 டிக்கின் பதக்கங்களில் 32 புறாக்களுக்கு, 18 நாய்களுக்கு, 3 குதிரைகளுக்கு. பூனைக்கு ஒன்றே ஒன்று.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 'மூழ்காத சாம்' என்ற பூனையின் கதை. ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க், பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கொசாக், ஆர்க் ரோயல் மூன்றும் மூழ்க, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறி மூன்றிலும் தப்பிய பூனையாம். கப்பல்கள் மூழ்கியது உண்மை, மூன்றும் 1941 இல். இடறுவது பிஸ்மார்க்கிலிருந்து கொசாக்குக்கு மாறிய முதற்படிதான். மே 27 அன்று பிஸ்மார்க்கில் தப்பியவர்களைத் தூக்கிய பிரித்தானியக் கப்பல்கள் டோர்செட்ஷயரும் மாவோரியும். கொசாக் யாரையும் தூக்கியதாக இல்லை; பூனை மட்டும் அதில் எப்படி ஏறியது? கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். பூனையை வரைந்தால் அது எந்தக் கப்பலில் வந்தது என்று நிரூபணமாகாது.

அந்த டோர்செட்ஷயர் நம்ம பக்கத்துக் கடலில்தான் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் அதையும் கோர்ன்வால் என்ற கப்பலையும் இலங்கைக்குத் தெற்கே மூழ்கடித்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் குண்டு விழுந்தது. இங்கிருந்து புறப்பட்டுப்போன விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.